வசந்தாமணி எழுதி வாங்கிய பாலிசி

மயில்சாமியின் லாரி கவிழ்ந்தது எழுபத்தாறாம் வருஷம். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கிய வண்டியிலிருந்து ஒரு பல் உடைந்ததோடு அவன் பிழைத்து வந்தான். வண்டிதான் போய்விட்டது. அதற்கு எடுத்திருந்தது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். அடுத்தவர் பொருளுக்கோ உயிருக்கோ சேதம் வந்தால்தான் கம்பெனி கொடுக்கும். அன்று அடுத்தவர் யார் மேலும் ஒரு கீறல் விழவில்லை. அதனால் ஒரு காசும் பெயரவில்லை.

அவன் மனைவி வசந்தாமணி அந்தப் பாலிசியைப் பிரித்துப் படித்தது அப்போதுதான். புதுச்சத்திரத்தில் அவர்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள் அவள் ஒருத்திதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தாள்.

"கொடுக்க மாட்டோம்னு தெளிவாத்தானுங்க எழுதியிருக்கறாங்க. நாமதான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டோம்" என்றாள்.

மறு வருஷம் ஐப்பசியில் பேய்மழை. ஊருக்குத் தெற்கே இருந்த கரட்டேரி நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தண்ணீர் பார்க்க வந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் வசந்தாமணிக்கு அந்த யோசனை வந்தது. மலைமேல் இருந்த ஒரு ஏரியில் யாரோ நடத்திய படகுத்துறை மூடப்பட்டு, படகுகள் ஏலத்துக்கு வந்திருந்தன. தன் பங்குக்கு வந்த மேட்டுக்காட்டு நிலத்தை விற்று, இரண்டு துடுப்புப் படகுகளையும் ஒரு மோட்டார் படகையும் எடுத்தாள். ஏரியில் படகு விடும் குத்தகையைப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கினாள். மயில்சாமிக்கு எஞ்சின் என்றால் கை தானாக ஓடும். மோட்டார் படகை அவன் ஓட்டுவதாகவும், துடுப்புப் போட அவன் பங்காளி சின்னுசாமியை வைத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு.

"தண்ணியில இறக்கீறலாமா?" என்று கேட்டான் மயில்சாமி.

"பாலிசி வந்தப்புறம் இறக்கலாமுங்க."

இன்சூரன்ஸ் ஏஜெண்டு நாச்சிமுத்து சைக்கிளை ஏரிக்கரையில் சாய்த்துவிட்டு வந்தார். லாரி, தறி, பம்புசெட்டு, கறவை மாடு என்று அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் பிடித்தவர். படகுக்குப் பிடித்ததில்லை. கம்பெனியின் சேலம் கிளையில் தேடி ஒரு பாலிசிப் பாரம் எடுத்து வந்திருந்தார்.

"இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி. மூழ்கிப் போனா பணம் வந்துரும்."

வசந்தாமணி பாரத்தை வாங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து படித்தாள்.

"அண்ணா, இதுல கடல்னு போட்டிருக்குது. துறைமுகம்னு போட்டிருக்குது. கரட்டேரியில துறைமுகம் எங்கீங்க இருக்குது?"

"அது அச்சடிச்சதும்மா. தண்ணின்னா எல்லாம் தண்ணிதானே?"

"நாளைக்கு நான் பணம் கேட்டுப் போறப்போ அவிங்க அப்படிச் சொல்லுவாங்களா?"

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம், தண்ணியில இருக்கற படகுக்குத்தான் இன்சூரன்ஸ் காப்புன்னு போட்டிருக்குது. கோடையில ஏரி வத்துனா படகு கரையிலதானே கெடக்கும்? கரையில கெடக்கறப்போ எரிஞ்சு போனா? மரம் உழுந்தா? அதை உடுங்க, படகுல ஏறுன ஆளுக்குக் கையோ காலோ போச்சுன்னா? அதைப் பத்தி ஒரு வரி இல்லீங்களே."

"அம்மிணி, நீ கேக்கற மாதிரிப் பாலிசியே இல்லை."

"அப்போ புதுசா எழுதட்டுமுங்க. வாங்க, சேலம் போலாம்."

மறுநாள் காலைப் பஸ்ஸில் நாச்சிமுத்துவோடு வசந்தாமணியும் மயில்சாமியும் சேலம் போனார்கள். கிளை மேனேஜர் சரவணமுத்து அந்த ஊரில் குகை என்னும் பகுதியைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. படித்து உத்தியோகத்துக்கு வந்தவர். லாரிக்காரன் பெண்டாட்டி ஏரிப் படகுக்குப் பாலிசி கேட்டு வந்திருப்பதைக் கேட்டதும் முதலில் சிரித்தார். வசந்தாமணி சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதியில் அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒரு இடத்தில்தான் தகராறு வந்தது.

"படகு பழசும்மா. சேதமானா அன்னைக்கு மார்க்கெட்ல என்ன விலையோ, அதுலயும் தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்போம். அதுதான் வழக்கம்."

"ஏரிப் படகுக்கு மார்க்கெட்டு எங்கீங்க சார் இருக்குது? எந்தச் சந்தையில விக்கறாங்க?" என்றாள். "இன்னைக்கே ஒரு ஆளை அனுப்பி மதிப்புப் போடுங்க. அந்த மதிப்புக்குப் பிரீமியம் கட்டறேன். முழுசாப் போச்சுன்னா அதே மதிப்பைக் கொடுக்கோணும். பேச்சு மாறக் கூடாது."

"பிரீமியம் கூடுமே?"

"கூடட்டுமுங்க. துடுப்பு ஒடிஞ்சது, பெயிண்டு போனது, அந்த மாதிரிச் சின்னதெல்லாம் எங்க பொறுப்பு. அதுக்கு உங்ககிட்ட வரமாட்டேன். ஏரி வத்துன மாசத்துல ஓட்ட மாட்டோம். அந்த மாசத்துக்குப் பிரீமியத்தைக் குறைச்சுக்குங்க. கரையில கெடக்கற காப்பு மட்டும் போதும். ஆனா பெரிசா ஒண்ணு நடந்தா நான் மறுபடியும் காட்டை விக்க முடியாதுங்க. விக்கறதுக்குக் காடே இல்லை."

சரவணமுத்து மணியை அடித்து டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்.

மெட்ராஸ் ஆபீசுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை படகுகள் கரையில் கவிழ்ந்தே கிடந்தன. ஊரில் சிரித்தார்கள். மயில்சாமிக்கும் பொறுமை போயிற்று. ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வசந்தாமணி அசையவில்லை.

கடைசியில் பாலிசி வந்தது. அச்சடித்த பாரத்தோடு டைப் அடித்த இரண்டு தாள் ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தியிருந்தது. அவள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. கூடவே கம்பெனியின் நிபந்தனைகளும் இருந்தன. ஓட்டுபவரைத் தவிரப் படகில் ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை போட வேண்டும். மீறினால் பாலிசி செல்லாது.

"இதை மட்டும் பெரிசா எழுதி மரத்துல மாட்டுங்க" என்றாள் சின்னுசாமியிடம்.

படகு ஓட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் நல்லபடியாகப் போனது. எழுபத்தொன்பது ஆடிப் பதினெட்டு அன்று ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. மத்தியானம் பஞ்சாயத்துத் தலைவரின் மைத்துனர் அப்புசாமி, உறவுக்காரர்கள் ஒன்பது பேரோடு வந்து மோட்டார் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு பேருதானுங்க. மத்தவிங்க அடுத்த நடைக்கு வாங்க" என்றாள் வசந்தாமணி.

"நாங்க யாருன்னு தெரியுமா அம்மிணி?"

"தெரியுமுங்க. அதுக்காக ஏழாவது ஆளு ஏறலாம்னு பாலிசியில எழுதலீங்க."

"குத்தகையே இல்லாமப் பண்ணிருவேன்!"

"பண்ணிக்குங்க. இப்போ இறங்குங்க."

கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அப்புசாமி முகம் சிவக்க இறங்கினார். மிதவைச் சட்டை போடமாட்டோம் என்று அவருடைய ஆட்களும் இறங்கிவிட்டார்கள். வரிசையில் அடுத்து நின்ற ராசிபுரத்து நெசவுக் குடும்பம் ஏறியது. செல்லாயி என்ற நடுவயதுப் பெண்ணும் அவள் வீட்டார் ஐந்து பேரும். ஒவ்வொருவர் சட்டைக் கயிற்றையும் வசந்தாமணி தன் கையாலேயே இழுத்துக் கட்டினாள்.

படகு நடு ஏரிக்குப் போனபோது மேற்கே வானம் செம்மண் நிறமானது. ஆடிக் காற்றுதான், ஆனால் அப்படியொரு காற்றை அந்த ஊர் பார்த்ததில்லை. கரையிலிருந்த புளிய மரம் வேரோடு சாய்ந்து, கட்டிக் கிடந்த துடுப்புப் படகுகளில் ஒன்றை நசுக்கியது. நடு ஏரியில் மயில்சாமி படகைத் திருப்பப் பார்த்தான். காற்று அதைத் தூக்கி, தண்ணீருக்கு மேல் தலை நீட்டியிருந்த குத்துப்பாறையில் அடித்தது. அடிப்பலகை பிளந்து, எஞ்சின் முதலில் இறங்க, படகு கண்ணெதிரே மூழ்கியது.

வசந்தாமணி மிச்சமிருந்த படகில் குதித்தாள். சின்னுசாமி ஒரு துடுப்பையும் அவள் ஒரு துடுப்பையும் போட்டார்கள். அலை முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தண்ணீர்மேல் தெரிந்த ஆரஞ்சு நிறச் சட்டைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, நாலு, ஆறு. பாறையைப் பிடித்துக்கொண்டு ஏழாவதாக மயில்சாமி.

"எல்லாரும் இருக்கறாங்க வசந்தா!" என்று கத்தினான். "ஒருத்தரும் முழுகலே!"

ஒரே நடையில் எல்லோரையும் ஏற்றாமல், இரண்டு நடையாகக் கரைசேர்த்தாள். செல்லாயிக்கு மட்டும் பாறையில் மோதி வலது கை முறிந்திருந்தது. வலியில் அழுதுகொண்டே அவள் வசந்தாமணியின் கையை விடாமல் பிடித்திருந்தாள். கரையில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பத்தாம் நாள் மெட்ராஸிலிருந்து, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். எதற்கும் முகம் மலராத மனிதர். சாய்ந்த மரத்தையும் நசுங்கிய படகையும் அளந்தார். மூழ்கிய படகைக் கயிறு கட்டி வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு மொட்டைக் கடிதத்தை எடுத்தார்.

"அன்று மோட்டார் படகில் பத்துப் பேர் ஏறியதாக எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. அது நிஜமென்றால் பாலிசி செல்லாது."

வசந்தாமணி முன்னால் வந்து நின்றாள். "ஆறு பேருங்க. ராசிபுரத்துல அவிங்களையே கேளுங்க."

"அவர்கள் நஷ்ட ஈடு கேட்பவர்கள். உங்களுக்கு வேண்டாத யாராவது சொல்லட்டும்."

வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் அப்புசாமியும் இருந்தார். சின்னுசாமி அவரைச் சர்வேயருக்குக் காட்டினான். சர்வேயர் அவரைக் கூப்பிட்டு, படகில் பத்துப் பேர் ஏறினார்களா என்று கேட்டதுதான் தாமதம், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அப்புசாமிக்குப் பொங்கிவிட்டது.

"பத்துப் பேரா? எங்களை ஏத்தவே இல்லீங்க சார்! பஞ்சாயத்துத் தலைவரு மச்சினன்னு பார்த்தாளா இவ? ஊரு சனம் முன்னால இறங்குன்னு சொல்லிப்போட்டா! ஆறுக்கு மேல ஒரு ஆளு ஏறப்படாதாம். அந்தச் சட்டையைப் போடாம ஏறப்படாதாம். இப்படி ஒரு பிடிவாதக்காரியை எங்கியாச்சும் பார்த்திருக்கறீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான், அவளுக்கே சாட்சி சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. சர்வேயர் ஒரு சொல் விடாமல் எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினார். பிறகு டைப் அடித்த தாள்களைப் புரட்டினார். கரட்டேரி என்ற பெயர், கரையில் கிடக்கும்போதும் காப்பு, முன்பே போட்ட மதிப்பு, பயணிகளின் காயத்துக்குப் பொறுப்பு. எல்லாம் முத்திரையோடு இருந்தன.

"இதை யார் எழுதியது?"

"நான் கேட்டேனுங்க. அவிங்க எழுதுனாங்க."

"இருபது வருஷமாகத் துறைமுகத்தில் சர்வே செய்கிறேன்" என்றார் அவர். "பெரிய பெரிய கப்பல்காரர்கள்கூட இவ்வளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை."

ஐப்பசியில் பணம் வந்தது. இரண்டு படகுக்கும் முழு மதிப்பு, ஒரு ரூபாய் குறையவில்லை. செல்லாயியின் ஆஸ்பத்திரிச் செலவையும், கை கூடித் தறியில் உட்காரும்வரை வாரக் கூலியையும் கம்பெனியே கொடுத்தது. தகவல் பரவியதும் புதுச்சத்திரத்து லாரிக்காரர்கள் தங்கள் பாலிசிகளைத் தூக்கிக்கொண்டு வசந்தாமணி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதல் ஆளை அழைத்து வந்தவர் ஏஜெண்டு நாச்சிமுத்துதான்.

தைப் பொங்கலுக்கு மறுநாள் புது மோட்டார் படகு ஏரியில் இறங்கியது. பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கியதும் மயில்சாமி ஓட்டுகிற இடத்தில் உட்காரப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, நகர்ந்துகொண்டான்.

"நீ ஓட்டு வசந்தா."

"எனக்கெங்கீங்க தெரியும்?"

"கயித்தை இழு. மத்ததை நான் சொல்றேன்."

வசந்தாமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஒரே இழு இழுத்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. கரையில் விசில் பறந்தது. தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு படகு நடு ஏரியைப் பார்த்துப் பாய்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள்.