இரவல் போன கோல்கீப்பர்

தலைநகர் அணி பல்லியை விலைக்கு வாங்கியது அவன் தங்களுக்கு ஆடவேண்டும் என்பதற்காக இல்லை, வேறு யாருக்கும் ஆடிவிடக் கூடாது என்பதற்காக. இந்தச் சூட்சுமம் அவனுக்குப் புரிந்தபோது அவன் குடும்பத்தோடு பத்தொன்பதாவது மாடியில் குடியேறி, திரைச்சீலைக்குத் துணியும் எடுத்து முடித்திருந்தான்.

கோல் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு நின்று, பந்து வந்தால் சடக்கென்று தாவுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் சேர்ந்து தேடுவான். அவனுடைய துறைமுக ஊர் அணி, போன சீசனில் தலைநகர் அணியை ஒரு கோல்கூடப் போட விடாமல் வெறுங்கையோடு அனுப்பியது. அவ்வளவுதான். நகரத்தின் பாதி உயரக் கட்டடங்களைக் கட்டியவர்தான் தலைநகர் அணியின் முதலாளி. அந்த வாரமே ஆளனுப்பி, பல்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே அவன் நாலாவது கோல்கீப்பர். முதலாமவன் ஆடுவான். இரண்டாமவன் பெஞ்சில் இருப்பான். மூன்றாமவன் பெஞ்சில் இருப்பவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பான். பல்லிக்கு மேல்மாடத்தில் ஒரு நாற்காலி. முதுகைச் சூடாக்க அதில் பொத்தான்கூட உண்டு.

“சும்மா உக்காந்திருக்கறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ங்க” என்பாள் அவன் மனைவி. “எத்தனை பேரால முடியும்?”

காலைப் பயிற்சியில் மட்டும் அவனுக்கு வேலை இருந்தது. அணியின் முன்னணி வீரனை எல்லோரும் ஹீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஷாம்பு விளம்பரத்தில் வருகிறவன். அவன் பெனால்டி அடித்துப் பழகும்போது பல்லி கோலில் நிற்க வேண்டும். வலப்பக்க மூலையை முறைத்துப் பார்த்துவிட்டு இடப்பக்கம் அடிப்பது ஹீரோவின் வழக்கம். முதல் நாளே பல்லி அதைப் பிடித்துவிட்டான். பந்தையும் பிடித்துவிட்டான். பயிற்சியாளர் அவனைத் தனியே கூப்பிட்டு, “ஹீரோ மனசு வாடக் கூடாதுப்பா. நீ அவன் முறைக்கிற பக்கமா விழு” என்றார். அன்றிலிருந்து பல்லி நாள் தவறாமல் அந்தப் பக்கமாகவே விழுந்தான்.

இப்படி இருக்கையில் கோப்பையின் அரையிறுதியில் தலைநகருக்கும் துறைமுகத்துக்கும் மோதல் வந்தது. ஞாயிறு மத்தியானம், தலைநகர் மைதானம், ஊசி விழ இடமில்லை. பல்லி மனைவியோடு மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தான். கீழே துறைமுக அணியின் தலைவன் ஓடிக்கொண்டிருந்தான். மனைவியின் அண்ணன், பல்லியின் மச்சான். மச்சான் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தான். பல்லியும் எழுந்து நின்று கையசைத்தான்.

ஆட்டம் தொடங்கும் முன்பே வினை வந்தது. உடம்பைச் சூடேற்ற ஓடிய துறைமுக கோல்கீப்பர் கால் மடங்கி விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது கோல்கீப்பரைத் தலைநகர் அணி போன வாரம்தான் வாங்கி, ஏதோ பயிற்சி என்று சொல்லிக் கடல் தாண்டி அனுப்பியிருந்தது. வேறு வழியில்லாமல் மச்சானே கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் போய் நின்றான். பழக்கத்துக்கு அடித்துப் பார்த்த முதல் பந்தே அவன் கால் இடுக்கில் புகுந்து போனது. மைதானமே கொல்லென்று சிரித்தது.

கண்ணாடி அறையில் இருந்த முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. புது மைதானத்துக்குப் பணம் போட வந்த வெளிநாட்டு வங்கிக்காரர்கள் அவர் பக்கத்தில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோட்டுக்காரர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து பல்லியை அங்கே அழைத்துப் போனார். விளையாட்டு அமைச்சர் சோபாவில் சாய்ந்திருந்தார். பின்வரிசையில் கால்பந்து சம்மேளனத் தலைவர் வறுகடலை மென்றுகொண்டிருந்தார்.

“இவனை இன்னிக்கு ஒரு நாள் அவங்களுக்கு இரவல் குடுத்துடலாம்” என்றார் முதலாளி. “இல்லேன்னா இது மேட்ச் மாதிரியே இருக்காது.”

அமைச்சர் கழுத்தைத் திருப்பினார். “என்னய்யா, முடியுமா?”

“விதி இடம் குடுக்காதுங்களே” என்றார் சம்மேளனத் தலைவர்.

“விதியை எழுதினது யாரு?”

“நான்தாங்க.”

“அப்போ பேனா உன்கிட்டதானே இருக்கு?”

கடலை தீர்வதற்குள் விதி மாறிவிட்டது. முதலாளி பல்லியின் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்தார். “நல்லா ஆடு தம்பி” என்றார். பிறகு தோளை லேசாக அழுத்தி, “ரொம்ப நல்லா ஆட வேணாம்” என்றார்.

படிக்கட்டில் மனைவி காத்திருந்தாள். அவன் விஷயத்தைச் சொல்லி, “இப்ப நான் என்னடி பண்றது?” என்றான்.

“முன்னாடி எங்கண்ணன், பின்னாடி நீங்க. பந்து உள்ள போச்சுன்னா ரெண்டு பேருக்கும் வீட்டுல சோறு கிடையாது.”

பழைய நீலச் சட்டையை மாட்டியதும் பல்லிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மச்சான் கையுறையைக் கழற்றி அவன் கையில் திணித்தான். “வந்துட்டியா மாப்ள! நீ வந்தா போதும், நான் ஒருத்தன் காலையாவது ஒடச்சிட்டு வரேன்.”

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பந்து வந்தபோது பல்லி இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தான். விடலாமா, பிடிக்கலாமா? மனசு முடிவெடுப்பதற்குள் உடம்பு தாவிவிட்டது. அத்தனை மாதம் நாற்காலியில் சேர்த்துவைத்த துள்ளல் எல்லாம் ஒரே மத்தியானத்தில் பீறிட்டது. தலையால் தட்டினான், முழங்காலால் தட்டினான், ஒரு பந்தை மூக்கால்கூடத் தட்டினான். ஒவ்வொன்றுக்கும் அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் முதலில் திட்டியது, பிறகு வாயடைத்தது, பிறகு தலைநகர் ரசிகர்களே தங்களை மறந்து கை தட்டினார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். ஹீரோ தன் ஷூ நாடாவிலேயே தடுக்கி விழுந்தான். நடுவர் கண்ணாடி அறையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு பெனால்டி என்று விசிலடித்தார். மச்சான் தலையில் கைவைத்தான். பல்லிக்கோ மனசு குளிர்ந்துபோயிற்று.

ஹீரோ வலப்பக்க மூலையை முறைத்தான். பல்லியைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தான். பல்லியும் பதிலுக்குக் கண்ணடித்து, அந்த முதல் நாளுக்குப் பிறகு முதல்முறையாக இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சில் வந்து குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டது.

“ஓடு மச்சான்!” என்று கத்தி அதை வீசினான்.

பெனால்டியைக் கொண்டாடத் தலைநகர் ஆட்கள் எல்லோரும், கோல்கீப்பர்கூட, முன்னே வந்துவிட்டதால் எதிர்ப்பாதி காலி. மச்சான் தடதடவென்று ஓடினான். அவன் கோல் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவனுக்கே நினைவில்லை. கடைசியில் எட்டி உதைத்தது காலில் படாமல் கணுக்காலில் பட்டது. பந்து தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல உருண்டு, கம்பத்தை உரசி, உள்ளே போய்ப் படுத்தது.

பிறகு நடந்தது பல்லிக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மச்சான் அவனைத் தூக்கிச் சுற்றியது தெரியும். மனைவி வேலியைத் தாண்டிக் குதித்ததும், காவலர் ஒருவர் அவளைத் துரத்தத் தொடங்கிப் பாதியில் நின்று தானும் சிரித்ததும் தெரியும். கேமராக்கள் சூழ்ந்தன. முதலாளியும் இறங்கி வந்துவிட்டார். தோற்ற முகத்தைக் காட்ட முடியுமா, வங்கிக்காரர்கள் பார்க்கிறார்களே! பல்லியைக் கட்டிப்பிடித்து, “இவன் நம்ம பையன்! எங்களைத் தோக்கடிக்கவும் எங்க ஆளுதான் வேணும்!” என்று முழங்கினார்.

பல்லிக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பில்தான் தைரியம் வந்திருக்க வேண்டும். மைக்கைப் பார்த்தே கேட்டான்: “ஐயா, சீசன் முடியற வரைக்கும் நான் துறைமுகத்துலயே இரவலா இருந்துக்கட்டுமா?”

நாடே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளியின் பற்கள் எல்லாம் தெரிந்தன. “தாராளமா!” என்றார். தோளில் அவர் விரல்கள் பதிந்த இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது.

இறுதிப் போட்டியில் துறைமுகம் மூன்று கோல் வாங்கித் தோற்றது. அப்படித் தோற்கடித்த அணியின் முன்னணி வீரனைத் தலைநகர் மறுநாளே வாங்கிவிட்டது. அதெல்லாம் பிறகு. அன்று மாலை துறைமுக அணியின் ஓட்டைப் பேருந்து தலைநகரின் அகலச் சாலைகளில் சத்தமாகப் பாடிக்கொண்டு போனது. நடுவழியில் பல்லியின் மனைவி சட்டென்று எழுந்து நின்றாள்.

“ஐயோ, முதலாளி குடுத்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் குடுக்காம வந்துட்டோமேங்க!”

“பத்தொன்பது மாடி ஏறி யாரு குடுக்கறது? உக்காருடி” என்றான் பல்லி. மச்சான் அடுத்த பாட்டை எடுத்துவிட்டான், அநியாயத்துக்குச் சுருதி விலகி.