1650-இல் ஒரு பாட்டனார்

கி.பி. 1650-ஆம் ஆண்டைப் பற்றி கௌஸ் முகைதீனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது அப்துல் ஹாதியின் 1721-க்கு முந்தியது. அவருக்கு அது போதும்.

புஜைரா துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், முட்டை ஏற்றி அனுப்பியே முன்னுக்கு வந்த மனிதர் அவர். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் அவருக்கு வெட்கம். போன வருடம் ஷார்ஜாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹாதி, மகள் கல்யாணத்துக்குப் பளபளவென்று ஒரு மலர் போட்டு, தன் குடும்பம் 1721-லேயே கப்பல் விட்டது என்று அதில் எழுதிவிட்டார். அன்று முதல் கௌஸ் முகைதீனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. முவைலாவில் தான் திறக்கப்போகும் விருந்து மண்டபத்தின் இருபதடிச் சுவரில் ‘1650: உலகமும் நம் குடும்பமும்’ என்று பெரிதாக வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். எழுதுகிற வேலை மருமகள் நஜீஹாவின் தலையில் விழுந்தது.

நஜீஹா வரலாற்றில் எம்.ஏ. பாளையங்கோட்டையில் முதல் வகுப்பில் தேறியவள். அந்தச் சான்றிதழ் ஐந்து வருடமாக மாமனாரின் பிரஷர் மாத்திரைச் சீட்டுகளோடு ஒரே ஃபைலில் கிடந்தது. இப்போது முவைலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியை இடம் காலியாக இருந்தது. பிரின்சிபால் ரவிசங்கர் அவளிடம் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, “ஹஸ்பண்ட்கிட்ட ஆட்சேபம் இல்லைன்னு ஒரு என்.ஓ.சி. மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க மேடம், சேந்துடலாம்” என்றார். ஹஸ்பண்ட் ஹஸ்னைன் வாப்பாவைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். வாப்பா சொல்லிவிட்டார்: “செவத்த முடிச்சுக் குடும்மா. அவன் கையெழுத்துப் போடுவான்.”

அந்த வேலைக்காக நஜீஹா எதையும் எழுதத் தயாராக இருந்தாள். எழுதினாள்.

ஆதாரம் என்று மாமனார் தந்தது ஒரு போட்டோ. தூத்துக்குடிக்குத் தெற்கே அவர்களுடைய ஊர் அடக்கஸ்தலமான மையவாடியில், ஒரு கபுரின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கல். அதில் ‘மீரான் லெப்பை, வருஷம் 1060’ என்று வெட்டியிருந்தது. ஹிஜ்ரி 1060 என்றால் கி.பி. 1650. கணக்கில் பிழை இல்லை.

அந்த வருடமும் லேசுப்பட்ட வருடமில்லை. ஜனவரியில் ஓமானியர்கள் போர்ச்சுக்கீசியரை மஸ்கட் கோட்டையிலிருந்து விரட்டினார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்வீடன் ராணிக்குப் பாடம் சொல்லப் போன தெக்கார்த் என்ற தத்துவஞானி, குளிர் தாங்காமல் பிப்ரவரியில் நிமோனியாவில் செத்துப்போனார். செப்டம்பரில் குரோம்வெல் ஸ்காட்லாந்துக்காரர்களை அடித்து நொறுக்கினார். மதுரையில் திருமலை நாயக்கர், வடக்கே ஷாஜகான். இத்தனை பேருக்கும் நடுவில், பெரிய கட்டத்தில், மீரான் லெப்பை.

கௌஸ் முகைதீன் ஐபேடில் படித்துப் பார்த்தார்.

“இந்த தெக்கார்த் யாரும்மா?”

“பெரிய தத்துவஞானி, மாமா. அந்த வருஷம் மௌத்தாயிட்டாரு.”

“நம்ம பாட்டனாரும் அதே வருஷந்தான மௌத்து. ரெண்டு படமும் ஒரே சைஸ்ல இருக்கட்டும்.” விரலால் தள்ளித் தள்ளி மஸ்கட்டுக்கு வந்தார். “இங்கன பாட்டனார் மூணு கப்பல் அரிசி அனுப்புனாருன்னு போடு. சோறு இல்லாம எவன் சண்ட போடுவான்?”

“ஆதாரம் இல்லையே, மாமா.”

“அனுப்பலைங்கதுக்கு மட்டும் ஆதாரம் இருக்கா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹஸ்னைன், அப்பன் பெரிய நீதிபதி போலத் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்துத் தலையை ஆட்டினான். அப்பனுக்கேற்ற மகன் என்று நஜீஹா மனதுக்குள் காறித் துப்பினாள். துப்பிவிட்டு மூன்று கப்பல் அரிசியையும் எழுதினாள்.

சுவருக்குப் பெரிதாக்க அந்தப் போட்டோ தெளிவாக இல்லை. கல்லைப் படம் எடுத்து அனுப்பியது ஊரிலிருக்கும் மதினி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்தான் என்பதால், அவளிடமே மூலப் படத்தைக் கேட்டு வாங்கினாள். வந்த படத்தில் கல் முழுதாக இருந்தது. வருஷத்துக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: ‘ஆவணி மாசம் 12’.

நஜீஹா சிரித்துவிட்டாள். ஹிஜ்ரியில் முஹர்ரம் உண்டு, ஸஃபர் உண்டு, ஆவணி ஏது? அது கொல்லம் ஆண்டு. அந்தக் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் பத்திரத்திலும் கல்லிலும் அதைத்தான் எழுதினார்கள். 824-ஐக் கூட்டினால் 1884. ஷாஜகானோடு நிற்கவேண்டிய பாட்டனார் ரயில் வண்டிக் காலத்துக்கு வந்துவிட்டார். எதையும் படிக்கத் தெரியாத மனிதர், ஐயோ பாவம் என்று தோன்றியது அவளுக்கு. அந்தப் பரிதாபம் அவளுக்கு இனிப்பாகக்கூட இருந்தது. மறுநாள் அவர் தனியாக இருந்தபோது படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, பக்குவமாக விளக்கினாள்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டீயை உறிஞ்சினார்.

“தெரியும்மா. போட்டோவுலேருந்து அந்த வரிய வெட்டி எடுத்ததே நான்தான்.”

நஜீஹா கையிலிருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

“அவரு என் பாட்டனாரோட வாப்பா. கொழும்புக்குக் கருவாடு ஏத்திப் போற தோணியில சமையல்காரரு. அத செவத்துல எழுதுனா எவன் பாப்பான்? அப்துல் ஹாதி சிரிப்பான்.” கிளாஸைக் கீழே வைத்தார். “நானே எழுதுனாலும் சிரிப்பான். அதுக்குத்தான் உன்ட்ட குடுத்தேன். அடியில ‘ஆய்வு: நஜீஹா, எம்.ஏ. வரலாறு’ன்னு கொட்ட எழுத்துல போடுறோம். எம்.ஏ. படிச்ச புள்ள சொன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். சும்மாவா உன்னய மருமவளா எடுத்தோம்?”

ஐந்து வருடமாக இந்த மனிதரை முட்டாள் என்று நினைத்து அவள் சுகம் கண்டிருந்தாள். இவரோ அவளுடைய படிப்பைத் தன் பொய்க்கு ரப்பர் ஸ்டாம்பாக எடுத்து வைத்திருந்தார். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது. முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. என்.ஓ.சி. கண்முன்னே ஆடியது. வாயை மூடிக்கொண்டாள்.

அச்சகத்துக்கு ஃபைல் அனுப்புவது அவள் பொறுப்பு. மூன்று கப்பல் அரிசியைத் தொடவில்லை, தன் பெயரையும் எடுக்கவில்லை. போட்டோவை மட்டும் மாற்றினாள். ஆவணி மாசம் 12 ஓரடி உயரத்தில் அச்சாகட்டும், கண்ணுள்ள ஒருவன் படித்துச் சொல்லட்டும், தான் சொன்னதாக இருக்காது. இதைப் பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினாள்.

திறப்பு விழாவுக்கு முந்நூறு பேர் வந்தார்கள். கௌஸ் முகைதீன் கூட்டத்தைப் பார்த்தாரே தவிர சுவரைப் பார்க்கவில்லை. ஹஸ்னைன் அன்று காலைதான் என்.ஓ.சி.யில் கையெழுத்துப் போட்டிருந்தான். அது அவள் கைப்பையில் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஷாஜகான் ஒருவர் தலைக்குப் பின்னால், தெக்கார்த் ஒரு அம்மாளின் தோளுக்குப் பின்னால். அப்துல் ஹாதி மட்டும் ஓரமாக நின்று மனதுக்குள் கழித்துப் பார்த்தார். எழுபத்தொரு வருடம் பிந்திவிட்டது அவருக்கு. பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். முந்நூறு பேரில் ஒருவரும் கல்லைப் படிக்கவில்லை.

ஒருவர் படித்தார். பிரின்சிபால் ரவிசங்கர், நாகர்கோவில்காரர், தட்டோடு சுவருக்கு எதிரே நின்றார். கல்லைப் பார்த்தார். அடியிலிருந்த பெயரைப் பார்த்தார். திரும்பி அவளைத் தேடினார். வேலை போயிற்று என்று நினைத்தாள் நஜீஹா.

“ஆவணி பன்னெண்டு” என்றார், பக்கத்தில் வந்து, மெதுவாக. “எங்க வீட்டுப் பத்திரமெல்லாம் கொல்லம் ஆண்டுதான் மேடம்.”

“சார், அது வந்து…”

“தெரிஞ்சேதானே எழுதியிருக்கீங்க?”

இல்லை என்றால் அவள் படிப்பு பொய். ஆமாம் என்றால் அவளே பொய். “ஆமா சார்” என்றாள்.

ரவிசங்கர் ஒரு துண்டு கறியை மென்று முடித்தார். அவர் கோபப்படவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி.

“நல்லா வந்திருக்கு. படிச்சா நம்பத் தோணுது. வர்ற மாசம் நம்ம ஸ்கூலுக்கு சில்வர் ஜூப்லி. உள்ளபடி பத்தொம்பது வருஷந்தான் ஆகுது. மேனேஜ்மென்ட் இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டாங்க. மிச்ச ஆறு வருஷத்துக்கு ஒரு ஹிஸ்டரி வேணும். ஸ்டாஃப்ல யாருக்கும் இது வராது.” தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். “திங்கக்கிழம வந்து ஜாயின் பண்ணிடுங்க.”

எதிரே ஹஸ்னைன் சுவரோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். யார் என்ன சொன்னார்களோ, எதற்கு ஆட்டுகிறானோ. அந்தத் தலையை ஐந்து வருடமாக அவள் எவ்வளவு இளப்பமாகப் பார்த்திருக்கிறாள்.

நஜீஹா கைப்பையைத் திறந்து என்.ஓ.சி.யை எடுத்து பிரின்சிபாலிடம் நீட்டினாள்.

“ஆறு வருஷத்த எங்கேருந்து ஆரம்பிக்கணும், சார்?” என்று கேட்டாள்.