ஒன்றும் இல்லை என்று வந்த படம்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில், கண் பரிசோதிக்கும் பெண் சொன்னது. "தலைவலி இருக்கா?" என்று கேட்டார். "எப்பவாவது" என்றேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை அப்படியே விட்டுடுங்க" என்றார். பிறகு என் கண்ணாடியை இருவருமே மறந்துவிட்டோம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அவருடைய மண்டைக்குள் ஏதோ ஒன்று மெல்ல வளர்ந்து

(எதுவும் வளரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.)

2

தலைவலி வந்ததும் அந்தப் பெண், தொழில் புத்திப்படி, தன் கண்ணாடியைத்தான் சந்தேகித்தார். மாற்றினார். வலி மாறவில்லை. மறுபடி மாற்றினார். முகம் மாறியது, வலி அப்படியே இருந்தது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மாணவர் மிதிப்பதற்கு முன்னால் தானே பிரேக்கை மிதிப்பவர். வீட்டிலும் அப்படித்தான். "ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். மனசு நிம்மதியாயிடும்" என்றார்.

எடுத்தார்கள். மூளை நன்றாக இருந்தது. ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு புள்ளி. பிறவியிலேயே இருப்பதாகத்தான் தெரிகிறது, தேவைப்பட்டால் மீண்டும் பார்க்கவும் என்றது அறிக்கை. அந்தத் 'தேவைப்பட்டால்' வீட்டில் குடியேறிவிட்டது. புள்ளிக்காக இன்னொரு ஸ்கேன், ஒரு நிபுணர், அவர் கைகாட்டிய இன்னொரு நிபுணர். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். யாரும் போதும் என்று சொல்லவில்லை. நடுவே மாத்திரைகள்: வலித்தால் ஒன்று, வலிக்குமோ என்று ஒன்று.

(இந்த இடத்தில் கதைக்கு ஒரு கட்டி தேவை. கேட்டுப் பார்த்தேன். "வேணும்னா உங்க கதைக்கு வச்சுக்கோங்க. எனக்கு வேண்டாம்" என்றார்.)

3

கடைசியாகப் போனது தெருமுனை மருத்துவரிடம். அந்த அம்மாள் படங்களைப் பிறகு பார்ப்பதாக ஒதுக்கிவைத்துவிட்டுக் கேள்வி கேட்டார்.

"வலி திடீர்னு இடி விழுந்த மாதிரி வந்துச்சா?"

"இல்ல."

"கை கால் மரத்துப் போறது, பேச்சு குழறுறது, காய்ச்சல்?"

"எதுவும் இல்ல டாக்டர்."

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார். முட்டியைத் தட்டினார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாத்திரை போடறீங்க?"

"போடாத நாளைச் சொல்றது சுலபம்."

"அப்ப வலியைக் கொடுக்கிறதே இப்ப அந்த மாத்திரைதான்மா. நிறுத்துங்க. முதல்ல இன்னும் மோசமாகும், அப்புறம் குறையும். புதுசா ஏதாவது மாறினா மட்டும் உடனே வாங்க."

"அப்ப ஸ்கேன்?" என்றார் கணவர்.

"வேண்டாம்."

வெளியே வந்ததும் கணவர், "இந்த டாக்டர் ஒண்ணுமே பண்ணலையே" என்றார். மனைவியைத் தொட்டுப் பார்த்த முதல் மருத்துவர் அவர்தான்.

4

சொன்னபடியே மோசமானது. ஒரு ஞாயிறு மதியம் மனைவி திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தார். கணவர் கார் சாவியோடு வந்து நின்றார்.

"கிளம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"போனா என்ன பண்ணுவாங்க?"

"படம் எடுப்பாங்க."

"அதுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் இல்லன்னு தெரியும்."

"அது எனக்கு இப்பவே தெரியுமே."

"எனக்குத் தெரியலையே" என்றார் கணவர்.

மனைவி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். இத்தனை படங்களும் தன் தலைக்காக எடுத்தவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

"அதே வலிதாங்க. புதுசா எதுவும் இல்ல. மாறினா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன். உங்களுக்கு என்ன பண்ணுது, அதைச் சொல்லுங்க."

கணவர் சாவியோடு வெளியே போனார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

5

'அன்றோடு வலி நின்றது' என்று முடித்துக் காட்டினேன். "பொய்" என்றார். குறைந்துவிட்டதாம், இப்போதும் எப்போதாவது வருமாம், படுத்தால் போய்விடுமாம். புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

'கணவர் திரும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்' என்று மாற்றினேன். "அவரா?" என்று சிரித்தார்.

"அப்ப கார்ல உக்காந்து என்னதான் பண்ணினார்?"

"தெரியாது. ரொம்ப நேரம் கழிச்சு வந்தார். சாவியை ஆணியில மாட்டினார். காப்பி போடவான்னு கேட்டார். நானும் எதுவும் கேக்கல."

அந்தக் காருக்குள் எட்டிப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. பார்க்கப் போவதில்லை. உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நீங்கள் போங்கள். கண்ணாடியைத் தட்டிவிட்டுக் கதவைத் திறங்கள்.