டிராக்டர்காரர் தலை

ஜெரால்டுக்குக் கழுத்து இடப்பக்கம் கோணியிருக்கும். பாதி ஆயுசு டிராக்டர் ஓட்டி, பின்னால் சுழலும் கலப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கோணிப்போன கழுத்து என்று ஊரில் சொல்வார்கள். திருவையாற்றுப் பக்கம் ‘கோணக்கழுத்தார் வீடு’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் மகனுடைய மேசையில் உட்கார்ந்து பொம்மை கழுவிக்கொண்டிருந்தார். கொடுமையைப் பாருங்கள். எல்வின் இருந்தவரை, “எருமையாட்டம் வளந்துட்டு என்னடா பொம்மை வெளையாட்டு?” என்று திட்டிவிட்டு, அந்த அறை வாசலைக்கூட மிதிக்காதவர் அவர்.

பைபாஸில் லாரி மோதி எல்வின் போய் வருஷம் திரும்பப்போகிறது. நினைவுப் பூசை அன்று, பெட்டியில் துண்டு துண்டாக வந்து, அவன் ஒட்டிச் சேர்க்காமல் பாதியில் விட்டுப்போன ரெசின் பிளாஸ்டிக் பொம்மை டிராக்டரை முழுசாக்கி அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். பிள்ளை கடைசியாகக் கைவைத்த பொருள், நம் முரட்டுக் கை பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் தினமும் தொடுவார்.

அண்ணன் வேலை செய்யும்போது பக்கத்திலேயே கிடந்தவள் மகள் ஃபெபி. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அச்சில் வார்த்த துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பல் தேய்க்கிற பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் கழுவாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், தூசி நெஞ்சுக்கு ஆகாது. கோணிப்போன துண்டை வெந்நீரில் போட்டால் இளகி, வார்த்தபோது இருந்த வடிவத்துக்குத் தானே திரும்பிவிடும். உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே இறுகிவிடும்.

சக்கரம், பானெட், ஸ்டியரிங் எல்லாம் தேறிவிட்டன. கடைசியாகக் கையில் வந்தது ஓட்டுகிற ஆள், கட்டைவிரல் உயரம். அவன் தலை இடப்பக்கம் திரும்பிக் கோணியிருந்தது.

“அடப் பாவமே, அலமாரியில கெடந்து கோணிப்போச்சே” என்று சொல்லிக்கொண்டே வெந்நீரில் போட்டார். தலை மெல்லத் திரும்பி நேராகப் பார்த்தது. எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினார். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து ஃபெபி உள்ளே வந்தாள்.

“இங்க வாம்மா. கோணல எடுத்துட்டேன், பாரு.”

அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

“அப்பா, அது கோணல் இல்லப்பா. பொட்டியில வந்தப்ப நேராத்தான் இருந்துச்சு. அண்ணன்தான் வெந்நீர்ல காட்டிக் காட்டித் திருப்பி வச்சான்.”

“எதுக்கு?”

“அது நீங்கப்பா. உங்க பொறந்தநாளுக்குக் குடுக்கணும்னு செஞ்சான். வேலை முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு நானும் இருந்துட்டேன்.”

ஜெரால்டுக்குக் கண் நிறைந்து வழிந்தது. கெடுத்துவிடக் கூடாதென்று பயந்து பயந்து, கடைசியில் அதையா கெடுக்க வேண்டும்! பொம்மையைத் திருப்பி வாங்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

“அழாதீங்கப்பா. மறுபடி வெந்நீர்ல போட்டு வளைச்சிரலாம்.”

“எவ்வளவு வளைக்கணும்னு உனக்குத் தெரியுமா?”

அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஓட்டும்போது அந்தக் கழுத்து எவ்வளவு திரும்பும் என்று வண்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தவன் எல்வின் ஒருத்தன்தான்.

“அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பான்பா. அப்பா கலப்பைய விட்டுக் கண்ண எடுக்கவே மாட்டாருன்னு.”

“கலப்பைய எவன் பாத்தான்” என்றார் ஜெரால்ட். “சின்னப்புள்ளையில கொக்கு வெரட்டிக்கிட்டு வண்டிக்குப் பின்னாலயே சேத்துல ஓடியாருவான். கலப்பையில கால குடுத்துருவானோன்னு அவனத்தாம்மா பாத்துக்கிட்டே ஓட்டுனேன். அத அவன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.”