மணல் தெரிந்தால் இடம் மாறவேண்டும்

இராயப்புவின் கையில் அந்தத் தூரக்கண்ணாடி வந்த நாள்முதல் வள்ளத்தில் எனக்கு நிம்மதி போய்விட்டது. முந்திக் கப்பலில் வேலை செய்த பஸ்ரியாம்பிள்ளை அண்ணை, கண்பார்வை குறைந்த பிறகு இது எனக்கு எதற்கு என்று அதை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பித்தளையில் செய்த இரட்டைக் குழல். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "அத்தான், மடத்துவெளியிலை ஒரு மனிசி ஆட்டைத் துரத்துறா, வந்து பாருங்கோ" என்பான்.

"மீன் எங்கை நிக்குது எண்டு தெரியுதோ அதிலை? உனக்கு ஆடும் மனிசியும்தான் தெரியும்" என்று எரிந்து விழுவேன். அவன் சிரிப்பான். இருபத்திரண்டு வயது. என் மனைவி ஜசிந்தாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தாய் தகப்பனும் இல்லை. அவளுக்கு நானும் அவனும்தான்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் இரண்டு பேர் வள்ளம் ஓட்டுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. காற்று வரும் பக்கமாக ஒரு நீளப் பலகையைக் கடலுக்கு மேலே நீட்டிக் கயிற்றால் கட்டி, ஒருவன் அதன் நுனியில் போய்க் குந்தவேண்டும். அந்தப் பாரத்தில்தான் வள்ளம் கவிழாமல் ஓடும். மற்றவன் சுக்கான் பிடிப்பான். நெடுந்தீவிலிருந்து வரும்போது மண்கும்பான் வெள்ளை மணல் கண்ணில் படும்வரை இளையவன் பலகையில் இருப்பான். மணல் தெரிந்தால் இடம் மாறவேண்டும். அங்கிருந்து எங்கள் ஊர் அல்லைப்பிட்டிக் கரைவரை மூத்தவன் பாடு. என் தகப்பன் காலத்திலிருந்து இதில் பேச்சுக்கே இடமில்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நெடுந்தீவில் காயவைத்த கருவாட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம். பத்து மணி இருக்கும். மணல் தெரிந்தது. காற்றும் கொஞ்சம் தணிந்தது. இராயப்பு பலகையை விட்டு உள்ளே வந்து, முதல் வேலையாகத் தூரக்கண்ணாடியை எடுத்து எங்கள் கரையைப் பார்த்தான்.

நெடுநேரம் பார்த்தான். ஆடும் சொல்லவில்லை, மனிசியும் சொல்லவில்லை.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அத்தான். அக்கா வேலியிலை சீலை காயப் போட்டிருக்கிறா."

சொன்னானே தவிர முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்குப் பொறுமை எங்கே இருந்தது? சுக்கானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியைப் பறித்து வைத்துப் பார்த்தேன்.

கோயிலிலிருந்து, எங்கள் பிரேதங்களை அடக்கம் செய்கிற சேமக்காலைக்குப் போகிற கரைப்பாதையில் ஒரு பிரேத ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சிலுவை, பிறகு பூசை வைக்கிற சுவாமியார், பிறகு பெட்டி. எல்லோரும் எங்கள் ஊர்ச் சனம். பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் தாங்கிப்பிடிக்க ஜசிந்தா நடந்தாள். கறுப்புச் சீலை உடுத்திருந்தாள். பெட்டிக்குப் பின்னால் ஒருவன் கடலைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தான். யாரோ பிடித்த குடை அவன் முகத்தை மறைத்தது.

கண்ணாடியை இறக்கினேன். வெறும் கரை. கோயில் சுவரும் பனைகளும், மணலில் ஒரு நாயும். ஆட்கள் யாரும் இல்லை.

எங்கள் பகுதியில் கட்டினவனுக்கும் கூடப்பிறந்தவனுக்கும்தான் பெண்கள் கறுப்பு உடுப்பார்கள். ஜசிந்தாவைக் கறுப்பு உடுக்க வைக்க இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேர்தான் இருந்தோம். இரண்டு பேரும் அந்த வள்ளத்தில் இருந்தோம்.

"என்ன தெரியுது அத்தான்?" என்று இராயப்பு கேட்டான்.

"சீலைதான்" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று மறுபடி எழும்பியது. வள்ளம் சரிந்து தண்ணீரை அள்ளத் தொடங்கியது. பலகையில் ஆள் வேண்டும். என் முறை.

"பாயை இறக்குவமே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஏலாது. இறக்கினால் கல்லிலை கொண்டுபோய் அடிக்கும்."

அவன் சொன்னது சரி. எனக்கும் தெரியும். ஆனாலும் நான் எழும்பவில்லை. சுக்கான் கயிறு தளர்ந்துவிட்டதுபோல அதை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன். பலகைக் கயிறு நைந்துபோச்சு, மாத்துவம் என்று அவன் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததும், இன்னும் ஒரு நடைக்குத் தாங்கும் போடா என்று நான் கத்தியதும் நினைவுக்கு வந்தன.

"அத்தான், நீங்கள் சுக்கானைப் பிடியுங்கோ. நானே இருக்கிறன்."

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மறைத்தால் நான் மனிதனில்லை.

தூரக்கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தான். பலகையில் ஏறும்போது கரைப்பக்கம் திரும்பி ஒருதரம் கையைக் காட்டினான். அக்காவுக்காக்கும் என்று நினைத்தேன். பிறகு நுனிக்குப் போய்க் குந்தினான்.

கயிறு அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பலகை இருந்த இடத்தில் கடல்தான் இருந்தது. வள்ளம் கவிழ்ந்தது. என்னை மண்கும்பான் ஆட்கள் இழுத்து எடுத்தார்கள். இராயப்பு மூன்றாம் நாள் அந்த வெள்ளை மணலில் ஒதுங்கினான்.

அடக்கம் காலை பத்து மணிக்கு. கோயிலிலிருந்து கரைப்பாதையால் பெட்டியைக் கொண்டுபோனோம். ஜசிந்தா கறுப்புச் சீலையில் நடந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் கடலைப் பார்த்தேன்.

மண்கும்பான் பக்கமாக ஒரு பாய் வந்துகொண்டிருந்தது. பாயின் நடுவே பெரிய நீல ஒட்டு. அந்த ஒட்டை ஜசிந்தா தன் பழைய பாவாடையை வெட்டித் தைத்திருந்தாள். அந்தப் பாய் கடலோடு போய்விட்டது. வள்ளம் உடைந்துபோய்க் கோயில் வாசலில் குப்புறக் கிடந்தது. நான் அதைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.

பாயின் அடியில் கண்ணாடி ஒன்று வெயிலில் மினுங்கியது.

நான் பெட்டியை மறந்தேன், சனத்தை மறந்தேன். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். "ஏறாதை! டேய் இராயப்பு, ஏறாதையடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மினுக்கம் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, யாரோ ஓடிவந்து எனக்குக் குடை பிடித்தார்கள். மினுக்கம் அணைந்தது. பிறகு இன்னொருதரம் மினுங்கியது.

இரண்டாவது மினுக்கம், அன்று வள்ளத்தில் கண்ணாடியைப் பறித்துப் பார்த்த நான். அப்போது என் முகத்தைக் குடை மறைத்துவிட்டது. முதலாவது அவன். அவன் பார்த்தபோது என் முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இருக்கவில்லை.

பெட்டிக்குப் பின்னால் நான் உயிரோடு நின்றதை அவன் கண்டிருக்கிறான். கண்டபிறகுதான் சீலை என்று சொன்னான். கண்டபிறகுதான் என் முறைக்கு அவன் ஏறினான். நான் கத்தியது அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது. கை ஆட்டியது மட்டும்தான் தெரிந்திருக்கும். போய்வா என்று நான் அவனை வழியனுப்புவதாக நினைத்திருப்பான்.

பலகையில் ஏறும்போது அவன் கை காட்டியது அக்காவுக்கு இல்லை.