கையை மட்டும் விட்டு

தங்கை வேலை பழக ஆரம்பித்துப் பதினேழு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன. அவளுக்கு இன்னும் ஒரு அச்சுச் சட்டம்கூட ஒழுங்காக எடுக்க வரவில்லை. சட்டம் கெட்டபோதெல்லாம் அடி விழுந்தது அவளுக்கு அல்ல, சொல்லிக்கொடுத்த அண்ணிக்கு.

அடிப்பது அண்ணன்தான். அதில் அவனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதுகு, தோள், தொடை, சில நாள் தலை. கையை மட்டும் தொடமாட்டான். வீட்டின் பின்னறையில் நடந்த ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணியின் கையை நம்பித்தான் இருந்தது. பைகளிலும் பனியன்களிலும் எழுத்து ஏற்றும் வேலை. அண்ணன் வெளியே போய் ஆர்டர் பிடித்து வருவான். அச்சடிக்க உட்கார்ந்தால் அவனுக்குக் கை நடுங்கும், மை பிசிறடிக்கும்.

பதினெட்டு நாளுக்கு முன் சாப்பாட்டின்போது அண்ணி வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"என் கை இல்லேன்னா இந்தக் கடை ஒரு வாரம் ஓடாதுங்க."

அவன் சிரித்தான். பிறகு தட்டை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். மறுநாள் காலை, வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த தங்கையைப் பின்னறையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"இவளுக்குச் சொல்லிக்கொடு. இவ என்னிக்குத் தேறுறாளோ, அன்னிக்கு உன் கையை முறிச்சு வெளியே தள்ளறேன்."

சொன்னதைச் செய்கிறவன். அது இருவருக்கும் தெரியும்.

அந்த வேலை முழுக்க வெளிச்சத்தில் இருந்தது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சன்னத் துணியில் பச்சைக் கோட்டிங்கைப் பூசி, அதை இறுக்காத மஞ்சள் விளக்கின் கீழ் காயவைக்க வேண்டும். எழுத்துள்ள ஃபிலிமை அதில் ஒட்டி, கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து, உள்ளே குழல்விளக்குகளைப் போட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். எழுத்து மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து மைக்கு வழிவிடும். வெளிச்சம் குறைந்தால் எல்லாமே கரைந்து ஓடும். கூடினால் எழுத்தும் திறக்காது. எத்தனை நிமிடம் என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. பூச்சின் கனத்தைப் பொறுத்து மாறும். அண்ணி சட்டத்தைத் தூக்கி மஞ்சள் விளக்குக்கு நேரே ஒருமுறை பார்ப்பாள், நேரத்தைச் சொல்லுவாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தங்கை ஃபிலிமைப் புரட்டி வைத்து, நாற்பது பைகளில் எழுத்துகளை இடவலம் மாற்றி ஏற்றினாள். ஒன்பதாம் நாள் மையைத் துணியிலேயே காயவிட்டு அடைத்தாள். அதன் பிறகு நாளுக்கு ஒரு சட்டம் கரைந்தது.

"பி.எஸ்சி.யாம்," என்பான் அண்ணன். "ஏ டிகிரி, பல்பு எரியுதா இல்லையான்னாச்சும் தெரியுதா உனக்கு?" சொல்லிவிட்டு, மை இழுக்கும் ரப்பர் கட்டையை எடுத்துக்கொண்டு அண்ணியின் பக்கம் திரும்புவான்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டு அடிகளை எண்ணுவாள். நேற்றோடு அறுபத்து மூன்று.

நேற்று குழாயடியில் சட்டத்தைக் கழுவும்போது அண்ணி அவள் காதருகே வந்தாள். கழுத்தில் கட்டையின் விளிம்பு பதிந்திருந்தது.

"ஏம்மா, நேரத்தைச் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க."

"பின்னே?"

"மரமண்டை அண்ணி எனக்கு."

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

இன்று அண்ணன் வெளியே போகவில்லை. ஸ்டூலைப் போட்டுக் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முந்நூறு பைகள் மறுநாள் போக வேண்டும். தங்கை சட்டத்தைத் தண்ணீரில் காட்டினாள். எழுத்து தெரிந்தது. அடுத்த நொடி அதைச் சுற்றியிருந்த பச்சையும் சளியாக வழிந்து ஓடியது.

அவன் நிதானமாக எழுந்தான். அண்ணியின் கூந்தலைப் பிடித்துத் தலையைக் குழாயில் மோதினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் புருவம் பிளந்து ரத்தம் தொட்டித் தண்ணீரில் இறங்கியது.

"அவ மக்கு இல்லடி. நீ வேணும்னே தப்பாச் சொல்லிக்கொடுக்கறே. அவ தேறாத வரைக்கும் உன் கைக்கு ஆயுசு கெட்டி, அதானே?"

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

அவளை மேசைக்கு இழுத்து வந்து வலது கையை விரித்து அழுத்தினான். மறுகையால், சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கவ்வியை எடுத்தான். உள்ளங்கை நிறையும் இரும்பு.

"இனிமே சொல்லித்தரவும் வேணாம், மறைக்கவும் வேணாம்."

கவ்வி மேலே போனது. தங்கை வந்து தன் வலது கையை அண்ணியின் கைமேல் வைத்தாள்.

"எடு டிகிரி."

"எடுக்கலேண்ணே."

"சேர்ந்து போகும்."

"போகட்டும். அப்புறம் முந்நூறு பையை நீதான் அடிக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ இருந்து மட்டும் என்ன கிழிச்சே?"

மஞ்சள் விளக்கின் கீழ் இன்னொரு சட்டம் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் பூசியது, இன்னும் யாரும் தொடாதது. அவள் கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி அதைப் பார்த்தாள்.

"அதுல பூச்சு கொஞ்சம் கனம். நாலு நிமிஷம் இருபது செகண்டு வேணும். வேணா வச்சுப் பாரு, ஒரு புள்ளிகூடக் கரையாது."

அண்ணன் சட்டத்தைப் பார்த்தான். அண்ணியும் வீங்கிய கண்ணைத் திறந்து சட்டத்தைப் பார்த்தாள். அந்த நேரம் சரி என்று அவள் முகம் சொன்னது. அதை அவனும் கண்டுகொண்டான்.

"அண்ணி ஒண்ணும் மறைக்கல," என்றாள் தங்கை. "ஆறாம் நாளே எனக்கு வேலை தெரியும். அதுக்கப்புறம் கெட்டதெல்லாம் நான் கெடுத்தது. இந்த வேலை தெரிஞ்ச ரெண்டு கையும் இப்ப உன் கவ்விக்குக் கீழேதான் இருக்கு."