சுவரோரம் நின்ற டாக்டர்

"இன்னும் ஒரு மடக்கு, ஆர்வில். நான் சொன்னதும் முழுங்குங்க."

"நீ சொன்னா சரிதான், டாக்டர் பொண்ணே," என்று கண்ணடித்தார் கிழவர். உதடெல்லாம், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் குடிக்கக் கொடுத்த வெள்ளை மருந்து. ஆறு மாதமாக அவருக்கு இறைச்சி தொண்டைக்குக் கீழே நின்றுவிடுகிறது. அது எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் இந்த எக்ஸ்ரே.

டார்லா டாக்டர் இல்லை. டாக்டரின் உதவியாளர். சோதனையைச் செய்யலாம், முடிவைச் சொல்லக்கூடாது. ஆனால் அவள் அப்பா காப்பிக் கடையில், "எம் பொண்ணு எக்ஸ்ரே டாக்டரு" என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டிருந்தார். முதல் நாளே மறுத்திருக்கலாம். கேட்க இனித்தது, விட்டுவிட்டாள். இப்போது ஒவ்வொரு "டாக்டரு"க்கும் காது சுட்டது.

உண்மையான டாக்டர் ப்ரூயிட், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியோடு சுவரோரம் பிடித்து வைத்த பிள்ளையாராக நின்றார். அவர் அறைக்குள் நின்றால்தான் முதியோருக்கான அரசுக் காப்பீடு பணம் தரும். டார்லா எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் அவள் பெயருக்குச் சல்லிக்காசு கிடையாது. அதனால் வேலை அவளுடையது, நிற்பது அவருடையது.

"அந்தத் தம்பி யாரு, உன் எடுபிடியா? சும்மாவே நிக்கிறானே!" என்றார் ஆர்வில்.

ப்ரூயிட் சிரித்துக்கொண்டார். டார்லாவும் சிரித்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"முழுங்குங்க."

எக்ஸ்ரே திரையில் மருந்து வெள்ளைக்கோடாக இறங்கியது. நெஞ்சுக்கு நடுவே, எலி கடித்த கயிறாகச் சட்டென்று மெலிந்து, ஒருபுறம் கரடுமுரடாக ஒதுங்கிப் போனது. அவள் அறியாமலே அவள் கை பொத்தானில் நின்றுவிட்டது. கிழவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தெரியுது? மறைக்காதே. உங்கப்பனோட நாப்பது வருஷம் மீன் பிடிச்சவன் நான்."

"நான் சொல்லக்கூடாது, ஆர்வில். நான்... நான் டாக்டரே இல்ல. உதவியாளர்தான். அப்பா சும்மா சொல்லிக்கிட்டிருந்தாரு, நானும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இவருதான் டாக்டர்."

எத்தனையோ வருடம் தொண்டையில் நின்றது ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. ஆனால் கிழவரின் முகம் வெளுத்துப் போயிற்று.

"அவ்வளவு மோசமா?" என்றார் மெல்ல. "டாக்டரே இல்லன்னு பொய் சொல்ற அளவுக்கா?"

"இல்ல ஆர்வில், சத்தியமா..." டார்லாவுக்குக் கண் கலங்கியது.

ப்ரூயிட் முன்னால் வந்தார். "ஐயா, நான்தான் டாக்டர். படங்களைப் பாத்துட்டு நானே உங்ககிட்ட..."

"நீ சும்மா இருப்பா." ஆர்வில் டார்லாவின் தோளைத் தட்டினார். "அழாதே பொண்ணே. உனக்குச் சின்னதுலேர்ந்தே பொய் சொல்ல வராது."

வெட்கத்தில் அவளால் நிமிர முடியவில்லை. கிழவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலிக் கோப்பையை ப்ரூயிட்டிடம் நீட்டினார். ப்ரூயிட் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.